கஞ்சா எடுத்தபின் ஓட்டலாமா? எச்சில் டெஸ்ட் கிட்டை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கிட் பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் கேட்பது ஒன்று, அது பதில் சொல்வது வேறொன்று. "இப்போது வண்டியை எடுக்கலாமா?" என்பதுதான் வாங்குகிற எல்லோருடைய கேள்வியும். கிட்டுக்குத் தெரிந்ததெல்லாம் வாயில் ஊறிய எச்சிலில் டிஹெச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் அந்தப் பொருள், ஒரு அளவுக்கு மேல் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "ஓட்டத் தயாரா? பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளுங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், என் அண்ணனுக்குப் பல வருடமாக நரம்பு வலி. மருத்துவர் எழுதிக்கொடுத்துத்தான் கஞ்சா எடுக்கிறார், சில நாள் வேப்பரைசரில் (சூடாக்கி ஆவியாக்கும் கருவி) இழுப்பார், சில நாள் கேப்சூல். வலி குறைந்து அவர் தூங்குவதைப் பார்த்தவன் நான், அதனால் மருந்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு மாலை அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பின்சீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகள். சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை, பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பினார். அப்புறம் நேர்ச்சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக லேன் கோட்டின் பக்கம் ஒதுங்கும், அவர் இழுத்துத் திருப்புவார், மறுபடி ஒதுங்கும். இறங்கியதும் கேட்டேன். "மெதுவாத்தானேடா வந்தேன், தலை தெளிவாத்தான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கஞ்சா எடுத்தவர்கள் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகிற வண்டிக்கு அதிக இடைவெளி விட்டுத்தான் ஓட்டுவார்கள், குடித்தவர்கள் மாதிரி பாய மாட்டார்கள். ஆனால் மெதுவாகப் போவதால் வண்டி கோட்டை விட்டு விலகாமல் இருந்துவிடாது, திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே வந்தால் கால் பிரேக்குக்குப் போகிற நேரமும் குறைந்துவிடாது.

சரி, கிட்டுக்கு வருகிறேன். ஒரு பஞ்சுக் குச்சி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். பத்து நிமிடம் எதையும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்துவிட்டு, பஞ்சு ஊறும்வரை வாயில் வைத்திருக்க வேண்டும். இங்கேயே முதல் தொல்லை. கஞ்சா எடுத்தால் வாய் வறண்டுபோகும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்த வறண்ட வாயிலிருந்து பஞ்சு ஊறும் அளவுக்கு எச்சில் எடுப்பதற்குள் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு முறை பஞ்சு சரியாக ஊறாமல் கிட்டே வீணானது.

அடுத்து கோடுகள். இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அப்படியே தலைகீழ். மேலே இருக்கிற கோடு கிட் வேலை செய்கிறது என்பதற்கு. கீழே இரண்டாவது கோடு வந்தால் "இல்லை" என்று அர்த்தம், மங்கலாக வந்தாலும் "இல்லை"தான். அந்தக் கோடு வராமல் போனால்தான் "இருக்கிறது". எங்கள் வீட்டில் முதல் நாளே இதை மாற்றிப் புரிந்துகொண்டோம். ஒற்றைக் கோட்டைப் பார்த்து "ஒன்றுமில்லை, கிளம்பலாம்" என்று அண்ணன் சாவியை எடுத்துவிட்டார், நான் தாளை மறுபடி படித்ததால்தான் நிறுத்த முடிந்தது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைத் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் போடுவது பெரிய தவறு.

மூன்று மாதத்தில் பார்த்தது இது. வேப்பரைசரில் இழுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதெல்லாம் "இருக்கிறது" என்றே வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் பெரும்பாலும் "இல்லை", ஆனால் இரண்டு காலைகளில் நன்றாகத் தூங்கி எழுந்து தெளிவாக இருந்தபோதும் "இருக்கிறது" என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது கேப்சூல் நாள்தான். விழுங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கே ஒரு கணம் பிந்துகிறது, கண் சொருகுகிறது, கிட்டில் இரண்டு கோடும் பளிச்சென்று நிற்கிறது. அதாவது "இல்லை".

காரணம் எளிமையானது. எச்சிலில் சிக்கும் டிஹெச்சி பெரும்பாலும் புகையோ ஆவியோ வாயில் படியவிட்டுப்போனது. கேப்சூல் வாயில் எதையும் விடாமல் நேராக வயிற்றுக்குப் போகிறது, கல்லீரல் அதை இன்னொரு வீரியமான பொருளாக மாற்றுகிறது, போதை ஏறுவதற்கே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், ஏறினால் புகைத்ததைவிட நீண்ட நேரம் நிற்கும். அந்த நேரம் முழுக்க வாய் சுத்தமாகவே இருக்கலாம். கேப்சூலோ தின்பண்டமோ எடுப்பவர்கள் வீட்டில் இந்தக் கிட் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

இதை வாங்கிய பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2020-ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 26 பேரை நிஜ நெடுஞ்சாலையிலேயே ஓட்ட வைத்தார்கள். டிஹெச்சி ஆவியை இழுத்து 40 முதல் 100 நிமிடத்துக்குள் வண்டி லேனுக்குள் இடமும் வலமும் அலைவது கூடியது, நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தது அதேதான். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. கஞ்சாவிலேயே இருக்கும், ஆனால் போதை தராத சிபிடி என்ற பொருளை மட்டும் எடுத்தவர்களிடம் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அடுத்தது 2022-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 191 பேரைச் சிமுலேட்டரில் ஓட்டவைத்து நடத்தியது, இதைத்தான் அண்ணனிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். புகைத்து ஒன்றரை மணி நேரம் ஆனதும் "இப்போது ஓட்டுவேன்" என்று சொன்னவர்கள் அதிகமானார்கள், ஆனால் ஓட்டும் திறன் அப்போது இன்னும் தேறவே இல்லை. நாலரை மணி நேரத்தில்தான் வித்தியாசம் மறைந்தது. "தலை தெளிவாத்தான் இருக்கு" என்று அண்ணன் சொன்னாரே, அந்த இடம்தான் இது. ரத்தத்தில் எவ்வளவு டிஹெச்சி இருந்தது என்பதற்கும் எவ்வளவு மோசமாக ஓட்டினார்கள் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. மதுவுக்கு ஊதிப் பார்க்கிற எண் மாதிரி கஞ்சாவுக்கும் ஒரு எண் கிடைத்துவிடும் என்று நம்பிய எனக்கு இது பெரிய ஏமாற்றம். புகைத்ததும் சில நிமிடத்தில் ரத்தத்தில் டிஹெச்சி உச்சத்துக்குப் போய் மளமளவென்று இறங்கிவிடுகிறது, போதையோ பின்தங்கித்தான் இறங்குகிறது. தினமும் எடுப்பவருக்குக் கொழுப்பில் தேங்கியது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, போதை இல்லாத நாளிலும் ரத்தத்தில் தெரியும்.

ஆனால் சட்டத்துக்கு ஏதாவது ஒரு எண்ணோ வரையறையோ வேண்டுமே, அது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் முதல் ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம், தாண்டினால் குறைந்தது ஒரு வருடம் ஓட்டத் தடை. கனடாவில் 2018 முதல் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமில் ஒரு குற்றம், 5-ல் இன்னும் கடுமையான குற்றம், மதுவோடு சேர்ந்தால் 2.5-லேயே கடுமையானது. ஜெர்மனி 2024 ஆகஸ்டில் 1 நானோகிராமிலிருந்து 3.5 ஆக உயர்த்தியது, அதுவும் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், பார்க்கும் கணக்கு, முழு ரத்தத்தோடு நேராக ஒப்பிட முடியாது, 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2004 டிசம்பரிலேயே சாலையில் நிறுத்தி எச்சில் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அங்கே அளவே பேச்சில்லை, இருந்தாலே குற்றம். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எண் இருக்கிறது, போதைப்பொருளுக்கு எண் இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையா என்பதே கேள்வி.

இந்தக் கிட்டில் "25 நானோகிராம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது எச்சிலுக்கான எண். மேலே சொன்ன 2, 5, 3.5 எல்லாம் ரத்தத்துக்கு. ஒன்றை இன்னொன்றாக மாற்ற வாய்ப்பாடு எதுவும் இல்லை, கிட் "இல்லை" என்று சொன்ன அதே நேரத்தில் ரத்தத்தில் சட்டம் சொல்லும் எல்லைக்கு மேலே இருக்கலாம். விற்பவர்களுக்கு எழுதிக் கேட்டேன், இரண்டு முறை. பதில் வரவில்லை.

நல்லது ஒன்று சொல்ல வேண்டும். இருந்தாலே குற்றம் என்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு, புகைக்கிற பழக்கமும் இருந்தால், காலையில் வருகிற "இருக்கிறது" உண்மையிலேயே பயனுள்ள எச்சரிக்கை. அந்த ஒரு பக்கத்தை நம்பலாம். "இல்லை" என்பதை நம்பி மட்டும் சாவியைத் தொடாதீர்கள். கூடவே ஒரு பீர் குடித்திருந்தாலும் கிட் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது, ஆனால் இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக எடுத்ததைவிட மோசம். ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், பெட்டியில் அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் மூன்று.

எங்கள் வீட்டில் இப்போது கணக்கு கடிகாரத்தில்தான். அன்றைய கடைசி ஓட்டம் முடிந்து சாவி அண்ணியிடம் போன பிறகுதான் மருந்து, எடுத்த நேரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி வைக்கிறார், கேப்சூல் என்றால் மறுநாள் காலைப் பள்ளி ஓட்டம் என்னுடையது. பெட்டியில் இன்னும் ஏழு கிட் இருக்கிறது.