நவதிருப்பதி ஒருநாள் வேன்: திருக்கோளூர்ல இன்னும் கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி

புரட்டாசி சனிக்கெழமைன்னா நெல்லைலருந்து கவர்மென்ட் ஸ்பெஷல் பஸ்சே விடுவாங்க, ஆனா அம்மாவுக்கு முட்டு வலி, கூட்டத்துல ஏற முடியாதுன்னு நவதிருப்பதிக்கு, அதான் அந்த ஒம்பது பெருமாள் கோயிலுக்கு, ஒரு டிராவல்ஸ் வேன்ல சீட் போட்டோம். எந்த டிராவல்ஸ்ன்னு சொல்லல, நல்லது பாதி கெட்டது பாதி. ஏசி முன் சீட்டுக்கு மட்டுந்தான் அடிக்கி, பின்னாடி உள்ளவங்க ஸ்ரீவைகுண்டம் வாரதுக்குள்ள துண்டால விசிற ஆரம்பிச்சாச்சு. டிரைவர் அண்ணாச்சி மட்டும் தங்கமான மனுசன், அம்மா எறங்குத எடத்துலல்லாம் அவரே ஒரு ஸ்டூல எடுத்து போட்டாரு.

வேன்ல ஒருத்தரும் பேரு கேக்கல, ராசி நட்சத்திரந்தான் கேட்டாவ. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கிரகம்லா, ஸ்ரீவைகுண்டம் சூரியன், பெருங்குளம் சனி, இரட்டைத் திருப்பதின்னா ராகு கேது, அவங்கவங்க பிரச்சினைக்கு தக்கன அந்தந்த கோயில்ல மட்டும் நெடுநேரம் நின்னு கும்புட்டாவ. எனக்கு ராசியே தெரியாதுன்னு சொன்னதும் பக்கத்து சீட்டு ஆச்சி என்னய ஆதார் கார்டு இல்லாதவன பாக்குத மாதிரி பாத்தாவ. திருப்புளிங்குடில பெருமாள் பாதத்த பிரகாரத்து ஜன்னல் வழியாத்தான் பாக்கணும், அது நல்லாருந்துச்சு.

இப்ப திருக்கோளூர், செவ்வாய்க்கு உள்ள கோயில். பெருமாள் நெல்லு அளக்குத மரக்கால தலைக்கு வச்சு படுத்துருக்காரு. செவ்வாய் தோஷக்காரங்க அர்ச்சனைய முடிச்சதும் கெளம்பு கெளம்புன்னுட்டாங்க, ஆனா அங்கதான் ஆச்சி ஒரு கத சொன்னாவ. ராமானுஜர் இந்த ஊருக்குள்ள வாராரு, ஒரு பொம்பள ஊர விட்டு போறா, எல்லாரும் தேடி வார ஊர விட்டு நீ ஏம்மா போறன்னு கேட்டா, அக்ரூரர் மாதிரி போய் கண்ணன அழச்சிட்டு வந்தேனான்னு தொடங்கி இப்படியே 81 வாக்கியம் அடுக்குதா, இதுல ஒண்ணும் செய்யாத நான் எங்க இருந்தா என்ன, முயல் புழுக்கை வரப்புல கெடந்தா என்ன வயல்ல கெடந்தா என்னங்கா. ஆச்சி சொல்லிட்டு கெக்கெக்கென்னு சிரிக்காவ. சென்னை வேலைய விட்டுட்டு வந்து ஊருலயே இருக்கவா திரும்ப போவான்னு கெடக்குத எனக்கு சிரிப்பு வரல. ஒண்ணுமில்லாதவளுக்கு எப்படி 81 வாயில வரும்னு கேட்டேன், அதான் ராமானுஜர் அவ வீட்டுலயே சாப்புட்டுட்டு போனாருன்னு சொல்லிட்டு ஆச்சி செருப்ப தேடப் போயிட்டாவ.

ஆழ்வார்திருநகரில புளியமரம், உறங்காப்புளிம்பாங்க, திருவாய்மொழி பாடுன நம்மாழ்வார் 16 வருஷம் அதுக்கடியில இருந்ததா ஐதீகம். திருக்கோளூர்க்காரரு மதுரகவி ஆழ்வார் அயோத்தி வரைக்கும் போயி, தெக்க ஒரு வெளிச்சம் தெரியுதேன்னு நடந்தே வந்து பாத்தா குருவா கெடைச்ச நம்மாழ்வார் உக்காந்திருக்கது சொந்த ஊருக்கு பக்கத்துலயே. செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்னு மதுரகவி கேட்டாராம், அத்தைத் தின்று அங்கே கிடக்கும்னு நம்மாழ்வார் பதில். செத்தது ஒடம்பு, சிறியது உசுரு. கைடு இத ஒரே மூச்சுல ஒப்பிச்சுட்டு பிரசாத ஸ்டாலுக்கு தள்ளிட்டு போயிட்டாரு, மரத்துக்கிட்ட ரெண்டு நிமிசம் சும்மா நிக்க விட்டாத்தான என்ன.

மதியம் நடை சாத்திருவாங்க, அதனால காலையில லேட்டா எடுக்குத வேன்ல ஏறாதீங்க. மத்தியான சாப்பாடு சுமார், சொதி வாயில வைக்க முடியல. பரிகாரத்துக்கு போறவங்களுக்கு இந்த வேன் போதும், கத கேட்டு உக்காரணும்னா ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர் ரெண்டுக்கு மட்டும் தனியா பஸ்ல போங்க, போகும்போது ஒரு ஆச்சியயும் கூட்டிட்டு போங்க.