ஒரு ரெக்கார்டரில் பதிந்த டிவிடி இன்னொன்றில் ஓடுமா? பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் டிவிடி ரெக்கார்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. வசந்தம் ஒளிவழியின் நாடகங்களையும் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகளையும் பதியவும், பழைய விஎச்எஸ் கேசட்டுகளில் கிடந்த கல்யாண வீடியோக்களை வட்டுக்கு மாற்றவும் அவற்றைப் பயன்படுத்தினோம். பதிந்த வட்டுகள் வீட்டோடு நிற்காமல், திருச்சியில் உள்ள உறவினர்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. ஆகவே ஒரு கருவியில் எழுதிய வட்டு மற்றொன்றில் ஓடுமா என்பது எங்களுக்கு அன்றாடக் கேள்வியாக இருந்தது. அதற்கு நான் கண்ட பதில் இதுதான்: ஓடாத வட்டுக்குப் பிராண்டைக் குறை சொல்வதில் பெரும்பாலும் பயனில்லை, எழுதிய கருவியிலேயே ஃபைனலைஸ் செய்தார்களா, அதாவது பிற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைத்தார்களா என்று கேட்டாலே முக்கால்வாசிச் சிக்கலுக்கு விடை கிடைத்துவிடும்.

நிறுவனங்கள் ஆரம்பத்திலேயே பிரிந்து நின்றதால்தான் இந்தக் குழப்பம் தோன்றியது. டிவிடி ஃபோரம் என்ற அமைப்பின் பக்கம் ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர், அழித்து மீண்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ராம் ஆகியவை இருந்தன. பயனியர் முதல் இரண்டையும், பானசோனிக் ராம் வட்டையும் முன்னிறுத்தின. பிலிப்ஸ், சோனி, எச்பி முதலானவை சேர்ந்த கூட்டணி டிவிடி+ஆர்டபிள்யூவை 2001 இலும் டிவிடி+ஆரை 2002 இலும் கொண்டுவந்தது. கடையில் எல்லாம் ஒரே அளவில், ஒரே 4.7 ஜிபி என்ற எழுத்தோடு அடுக்கியிருக்கும். நடுவில் இருப்பது கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பார்த்து வாங்காவிட்டால், அந்த ஆண்டுகளின் பல கருவிகளில் அந்த வட்டில் பதியவே முடியாது. பிற்பாடு இரு வகைகளையும் ஏற்கும் கருவிகள் பரவலாக வந்தபின் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

தீராமல் நின்றது ஃபைனலைஸ் விவகாரம். டிவிடி-ஆர் வட்டில் பதியும்போது, எந்த நிகழ்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கை ரெக்கார்டர் வட்டின் உட்பகுதியில் தற்காலிகக் குறிப்பாகவே எழுதிவைக்கிறது. சாதாரண டிவிடி பிளேயர் தேடுகிற மெனுவும் தலைப்புப் பட்டியலும் முறையான தொடக்கப் பகுதியும் ஃபைனலைஸ் கொடுத்த பிறகுதான் உருவாகின்றன. அந்தத் தற்காலிகக் குறிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்பக் கையாண்டதால், ஒன்றில் பாதி பதிந்த வட்டை இன்னொன்றில் போட்டு மீதியைப் பதியலாம் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் பலித்ததே இல்லை. வட்டைப் போட்டதும் கருவி சிறிது நேரம் முனகும். பிறகு திரையில் இந்த வட்டைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி வரும், அல்லது மெனுவில் ஃபைனலைஸ் என்ற சொல் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடக்கும். மீண்டும் எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டாக இருந்தால் நிலைமை இன்னும் ஆபத்தானது. படிக்கத் தெரியாத கருவி, வட்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று மிகவும் பணிவாகக் கேட்கும். வீட்டில் யாராவது ஆம் என்று அழுத்திவிட்டால் உள்ளே இருந்த நிகழ்ச்சிகள் போய்விடும்.

அதே வட்டை எழுதிய கருவியிலேயே ஃபைனலைஸ் செய்துவிட்டால் பிராண்ட் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதன்பின் அது கடையில் வாங்கும் டிவிடி போன்ற வீடியோ வட்டுதான். மெனுவின் தோற்றமும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு அத்தியாயம் பிரிகிறது என்பதும் மட்டுமே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிவிடி விற்பனைக்காக உலகைப் பிரித்ததில் சிங்கப்பூர் மண்டலம் 3, இந்தியா மண்டலம் 5 என்பதால் கடையில் வாங்கும் படங்களுக்குத் தடை வரலாம். வீட்டில் பதிந்த வட்டில் மண்டலப் பூட்டு இல்லை. இரு நாடுகளிலும் பால் (PAL) என்ற ஒரே தொலைக்காட்சி முறை இருந்ததால் திருச்சியில் படமும் சரியாகவே வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த, அந்நாட்டு என்டிஎஸ்சி முறையில் பதிந்த கேசட்டை, ஏற்கெனவே பால் முறையில் பதிந்திருந்த வட்டில் சேர்க்க மட்டும் கருவி மறுத்தது. அதற்குத் தனி வட்டு ஒதுக்கினோம்.

ஃபைனலைஸ் செய்தும் ஓடாதவை பெரும்பாலும் ஆர்டபிள்யூ வட்டுகள். அழுத்தி உருவாக்கிய ஒற்றை அடுக்கு டிவிடியும் டிவிடி-ஆரும் லேசர் ஒளியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்புகின்றன; ஆர்டபிள்யூவின் உலோகக் கலவை அடுக்கோ 18 முதல் 30 விழுக்காடுதான் திருப்புகிறது. இரட்டை அடுக்குப் பட வட்டுகளின் அளவும் இதுவே என்பதால், பழைய பிளேயர்கள் சில இதை இரட்டை அடுக்கு என்று எண்ணி, இல்லாத இரண்டாம் அடுக்கைத் தேடித் தோற்றன. ஆகவே வெளியே கொடுப்பதற்கு ஒருமுறை எழுதும் வட்டு, வீட்டுக்குள் பார்த்து அழிப்பதற்கு ஆர்டபிள்யூ என்று பிரித்துக்கொண்டோம். இதில் டிவிடி+ஆர்டபிள்யூவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது ஃபைனலைஸ் கேட்பதில்லை, பதிந்த கையோடு எடுத்து வேறு பிளேயரில் போடலாம்.

அடுத்தது விஆர் (வீடியோ ரெக்கார்டிங்) என்ற பதிவு முறை. டிவிடி-ஆர்டபிள்யூ வட்டை ஃபார்மேட் செய்யும்போது வீடியோ முறையா விஆர் முறையா என்று கருவி கேட்கும். விளம்பரங்களை நடுவிலிருந்து வெட்டுவதற்கும் வரிசையை மாற்றுவதற்கும் விஆர் மிகவும் வசதியானது. ஆனால் அதன் கோப்பு அமைப்பே வேறு என்பதால் சாதாரண பிளேயர் அதைத் திறக்காது. ராம் வட்டும் விஆர் முறையில்தான் இயங்குகிறது. அடிப்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சிறுசிறு கோடுகள் கட்டம்கட்டமாகத் தெரியும், வேறு எந்த டிவிடியிலும் அது இல்லை. ராம் ஓடும் பிளேயர் அரிது. ஆனால் ராம் ஏற்கும் இரண்டு வெவ்வேறு நிறுவன ரெக்கார்டர்களுக்கிடையே அது எங்களுக்குச் சிக்கலின்றி ஓடியது, ஒன்றில் விட்ட இடத்திலிருந்து மற்றொன்றில் தொடர்ந்து பதியவும் முடிந்தது. உண்மையான ஒத்திசைவு இருந்த ஒரே வகை, மிகக் குறைந்த பேரிடம் இருந்த வகையாகிப் போனது வேடிக்கைதான்.

வட்டின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரடிப் பதிவு நடப்பது 1x என்ற அடிப்படை வேகத்தில். உறையின் மேல் உள்ள 16x என்ற எண்ணால் அப்போது எந்தப் பயனும் இல்லை. வட்டுச் சாயத்தின் தன்மைக்கேற்ப லேசரின் ஆற்றலை அமைக்கும் குறிப்புகள் கருவியின் மென்பொருளில் இருக்கும். கருவி தயாரானபின் வந்த வேகமான வட்டுகளுக்கு அந்தக் குறிப்பு இல்லாததால், பழைய ரெக்கார்டர் அவற்றை ஏற்காமல் துப்பும், அல்லது குத்துமதிப்பாக எழுதும். எங்கள் வீட்டில் தையோ யூடென், வெர்பாட்டிம் வட்டுகள் மூன்று கருவிகளிலும் ஒழுங்காக வந்தன. பெயர் தெரியாத மலிவு வட்டுகள் சில, எழுதிய கருவியில் ஓடி, பிற கருவிகளில் கடைசிப் பகுதியில் கட்டம்கட்டமாக உடைந்தன. டிவிடி உட்புறத்திலிருந்து வெளி விளிம்பை நோக்கி எழுதப்படுவதால், முழுதாக நிரப்பிய வட்டில் உச்சக் காட்சி போய் உட்காருவது மிகவும் பலவீனமான ஓரத்தில். ஒரு வட்டில் இரண்டு மணி நேரம் பதியும் எஸ்பி முறையில் பத்து நிமிடத்தைக் காலியாக விட்டபின் உறவினர்களிடமிருந்து புகார் குறைந்தது.

சிங்கப்பூரில் 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது இக்கருவிகளின் டியூனர்கள் பயனற்றுப் போயின. தையோ யூடென் 2015 ஆம் ஆண்டோடு வட்டுத் தயாரிப்பை விட்டிருந்தது. இப்போது நான் செய்வது வட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை. ஃபைனலைஸ் ஆனவற்றில் வீடியோ இருக்கும் விஓபி கோப்புகளை அப்படியே நகலெடுக்கலாம். விஆர் வட்டின் விஆர்ஓ கோப்பும் டிவிடிகளின் வழக்கமான எம்பெக்-2 வீடியோதான், விஎல்சி என்ற மென்பொருளில் திறக்கும். ராம் வட்டுக்கு அதைப் படிக்கும் டிரைவ் வேண்டும், எல்லா டிரைவும் படிக்காது. பழைய ரெக்கார்டரைக் கழிவுக்குப் போட எண்ணுகிறவர்கள், அதற்கு முன் அலமாரியில் உள்ள டிவிடி-ஆர் வட்டுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டு, ஃபைனலைஸ் ஆகாதது ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.