மனப்பாட வரிசையா, 4பி அட்டவணையா, மயில்துத்தமா?

டர்பனில் எங்கள் சாப்பாட்டு மேசை சனிக்கிழமை காலையில் டியூஷன் மேசையாகிவிடும். சாட்ஸ்வர்த்திலிருந்து மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். ஒரு உலோகம் இன்னொன்றை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ளும் ஒற்றை இடப்பெயர்ச்சி வினையில் எல்லோருக்கும் சிக்குவது ஒரே இடம்தான்: எது எதை வெளியே தள்ளும்? துத்தநாகத் துண்டைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் தாமிரம் வெளியே வரும். தாமிரத்தை துத்தநாக சல்பேட்டில் போட்டால் ஒன்றும் நடக்காது. இதை முன்கூட்டியே எப்படிச் சொல்வது?

நான் கும்பகோணத்தில் படித்தபோது வினைபடு வரிசையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். பொட்டாசியம், சோடியம், கால்சியம் என்று தொடங்கி வெள்ளி, தங்கத்தில் முடியும். மேலே இருப்பது கீழே இருப்பதைத் தள்ளும், அவ்வளவுதான். வேகமான வழி இது. 1890 வாக்கில் ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களில், சயனைடில் கரைத்த தங்கத்தைத் துத்தநாகச் சீவல்களின் வழியே ஓடவிட்டுப் பிரித்தார்கள். வரிசையின் கடைசியில் இருக்கும் தங்கத்தை நடுவில் இருக்கும் துத்தநாகம் வெளியே தள்ளுவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு பெயர் இடம் மாறினால் விடை மொத்தமும் போச்சு. ஏன் என்ற கேள்விக்கும் அதில் பதில் கிடையாது.

இங்குள்ள மெட்ரிக் தேர்வில் அந்தக் கவலையே இல்லை. தாளோடு 4ஏ, 4பி என்று இரண்டு அட்டவணைகள் வரும்; ஒவ்வொரு உலோக அயனியும் எலக்ட்ரானை எவ்வளவு இழுக்கும் என்பதை வோல்ட்டில் சொல்லும் எண்கள் அவை. இரண்டிலும் எண்கள் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். நான் பிள்ளைகளை 4பி-யிலேயே நிற்கச் சொல்வேன்: எண் குறைவான உலோகம் எண் கூடுதலான உலோகத்தைத் தள்ளும். துத்தநாகம் −0.76, தாமிரம் +0.34; வித்தியாசம் 1.10 வோல்ட். இரும்பு −0.44, ஆக தாமிரத்தோடு வித்தியாசம் 0.78. எலக்ட்ரான் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதும் அதே வரியில் தெரிந்துவிடுகிறது. ஒரே ஒரு தொல்லை: அட்டவணையில் கால்சியம் (−2.87) சோடியத்துக்கு (−2.71) மேலே நிற்கும். ஊரில் மனப்பாடம் செய்துவிட்டு வந்த பிள்ளைகள் இங்கே முழிப்பார்கள். அந்த வரிசை வினையின் வேகத்தைப் பார்த்து அடுக்கியது, இந்த எண் வோல்ட் கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எப்படியும் சோடியத்தைக் கரைசலில் போட்டால் அது தாமிரத்தைத் தேடிப் போகாது. முதலில் தண்ணீரோடுதான் சண்டை.

இனி மயில்துத்தம், அதாவது அதே காப்பர் சல்பேட். ஒரு பழைய கண்ணாடி டம்ளரில் (அதில் இனி யாரும் எதுவும் குடிக்கக்கூடாது என்று மனைவி அதைத் தனியே ஒதுக்கிவிட்டாள்) நீலக் கரைசல். உப்புத்தாளால் தேய்த்த ஆணியை உள்ளே விட்டோம். சில நிமிடத்தில் செம்பழுப்புப் படலம் பிடித்தது. மதியத்துக்குள் நீலம் மங்கி லேசான பச்சை தட்டியது. வரிசையும் அட்டவணையும் சொன்னது அப்படியே நடந்தது.

அடுத்து அலுமினியத் தாள். அலுமினியம் −1.66, வித்தியாசம் சரியாக 2 வோல்ட், இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிள்ளைகள் ஆவலோடு குனிந்து பார்த்தார்கள். பத்து நிமிடமாகியும் தாள் பளபளவென்று அப்படியே கிடந்தது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கரைசலை உலோகத்தைத் தொட விடவில்லை. இது வரிசையிலும் இல்லை, 4பி-யிலும் இல்லை.

அப்புறம் சமையலறையிலிருந்து ஒரு கரண்டி சாப்பாட்டு உப்பைக் கொண்டுவந்து போட்டேன். குளோரைடு படலத்தை அரிக்க, குமிழி கிளம்பியது, டம்ளர் சூடேறியது, தாள் கிழிந்து செம்பழுப்புத் தூளாக அடியில் இறங்கியது. “இதை மட்டும் முதல்லயே செஞ்சிருக்கலாமே அங்கிள்” என்றான் கடைசி நாற்காலிப் பையன்.