அம்மாவின் ஒரு யெஸ்ஸுக்கு 386.40 பவுண்

386.40 பவுண். அம்மாவின் வீட்டு ஃபோன் லைனை அவருக்கே விளங்காமல் வேறு கொம்பனிக்கு மாற்றியதால் வந்த பில்லும் தண்டமும். நேற்றிரவு மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன், குறையவில்லை.

லண்டனிலோ வேறு எங்கோ அம்மா அப்பாவைத் தனி வீட்டில் விட்டிருக்கிறவர்கள் இதைக் கடைசி வரை வாசியுங்கள். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கீழே விவரமாக எழுதுகிறேன். கொம்பனியின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு இன்னும் முடியவில்லை, பெயரைப் போட்டால் அதையே சாட்டாக வைத்து இழுத்தடிப்பார்கள். வீட்டு ஃபோனும் இன்டர்நெட்டும் விற்கிற ஒரு கொம்பனி, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 76 வயது. லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். அப்பா 2021இல் போன பிறகும் அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று விட்டார். நான் லூட்டனில் இருக்கிறேன், சனிக்கிழமைகளில் போய் வருவேன். அம்மாவின் உலகம் ஹோலில் இருக்கிற அந்த ஃபோன்தான். காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொடிகாமத்தில் இருக்கிற பெரியம்மாவுக்குக் கோல் எடுப்பார். வட்ஸ்அப்பில் கதைக்கலாமே என்று யாரும் புத்தி சொல்ல வர வேண்டாம். பெரியம்மாவுக்குத் திரையைத் தடவிப் பழக்கமில்லை, அம்மாவுக்குப் படம் ஆடினால் தலை சுற்றும். இலங்கைக்குக் குறைந்த கட்டணத்தில் கதைக்கிற பக்கேஜ் ஒன்றை அப்பா உயிரோடு இருந்தபோதே போட்டு வைத்திருந்தார். அதன் புண்ணியத்தில் இத்தனை வருடமும் பில்லைப் பற்றி யோசித்ததில்லை.

2025 மார்ச் 6, வியாழக்கிழமை. மத்தியானம் ஒருவன் கோல் எடுத்திருக்கிறான். இதை அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதுகிறேன். "உங்கட ஃபோன் கொம்பனியின்ர டெக்னிக்கல் பகுதியிலயிருந்து" என்றானாம். எந்தக் கொம்பனி என்று சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. செப்புக் கம்பி ஃபோன் எல்லாவற்றையும் நாட்டில் நிறுத்துகிறார்கள், நீங்கள் மாறாவிட்டால் இந்த மாதத்தோடு உங்கள் ஃபோன் செத்துவிடும் என்றானாம்.

இதில்தான் சுத்துமாத்து. பாதி உண்மை. செப்புக் கம்பியில் ஓடும் பழைய ஃபோன் முறையை இங்கே நிறுத்தப்போவது சரிதான். முதலில் 2025 டிசம்பர் என்றார்கள், பிறகு 2027 ஜனவரி 31 என்று தள்ளிப் போட்டார்கள். அதற்காக யாரும் இந்த மாதமே கொம்பனி மாறத் தேவையில்லை, பழைய கொம்பனியே தன் ஆட்களைப் புதிய முறைக்கு மாற்றிக் கொடுக்கும். ஆனால் அம்மா ரி.வி.யில் இதைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறார். அதனால் அவன் சொன்னது அம்மாவுக்குப் புதுச் செய்தியாகப் படவில்லை.

பில்லை எடுத்து வரச் சொல்லியிருக்கிறான். அம்மா லாச்சியைத் திறந்து, கண்ணாடியைத் தேடி, பழைய பில்லை எடுத்து வரும் வரைக்கும் லைனில் நின்றிருக்கிறான். அதில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க வைத்திருக்கிறான். அது அப்பாவின் பெயர். "இது என்ர ஹஸ்பண்ட், அவர் இப்ப இல்லை" என்று அம்மா சொல்ல, "ஐ ஆம் சோ சொறி, மை டியர்" என்றானாம். எவ்வளவு காலமாகத் தனியாக இருக்கிறீர்கள், பிள்ளைகள் வந்து பார்க்கிறார்களா என்றெல்லாம் விசாரித்தானாம்.

"நல்ல பிள்ளை தம்பி, அவசரப்படாமல் கதைச்சது" என்று அம்மா இப்போதும் சொல்கிறார். எனக்கு விசர் வருகிறது.

பிறகு, பில்லில் கழிவு போடுவதற்கென்று வங்கிக் கணக்கு இலக்கத்தை வாங்கியிருக்கிறான். அதோடு முடிந்தது, லைன் அவனுடைய கொம்பனிக்குப் போய்விட்டது.

இந்த நாட்டில் பெரும்பாலான கொம்பனிகள் ஓப்பன்ரீச் என்ற நிறுவனத்தின் ஒரே வலையமைப்பைத்தான் வாடகைக்கு எடுத்துத் தங்கள் பெயரில் விற்கின்றன. அதனால் கொம்பனி மாறுவதற்கு அநேகமாக வீட்டுக்கு ஒருவரும் வரத் தேவையில்லை, கொம்பியூட்டரில் ஒரு ஓர்டர் போதும். 2024 செப்டம்பர் 12இல் இருந்து அது இன்னும் சுலபம். நாங்கள் பழைய கொம்பனிக்குச் சொல்லவே தேவையில்லை, புதிய கொம்பனிக்காரன் எங்கள் பெயர், விலாசம், பழைய கொம்பனி எது என்ற விவரங்களைக் கொடுத்தால் எல்லாம் தானாக மாறிவிடும். நல்லதற்குத்தான் கொண்டு வந்தார்கள். மாறுவதற்கு முன்னர், இப்படி மாறினால் இவ்வளவு தண்டம் வரும் என்று பழைய கொம்பனி வாடிக்கையாளருக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவித்தார்கள். அப்பாவின் இமெயிலுக்கு. நாலு வருடமாக யாரும் திறக்காத பெட்டிக்கு.

என் பிழையையும் சொல்ல வேண்டும். 22ஆம் திகதி சனிக்கிழமை போனபோது ஹோலில் புது ரௌட்டர் பெட்டி கிடந்தது. "கொம்பனிக்காரர் அனுப்பினவை" என்றார் அம்மா. என் மகன் அதில் இருந்த படத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டு, ஃபோன் வயரையும் ரௌட்டரின் பின்பக்கம் குத்திவிட்டான். நான் குசினியில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியில் இருந்த பெயரை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அன்றைக்கே மறித்திருப்பேன். பிறகு இரண்டு சனிக்கிழமை வேலை என்று போகவும் இல்லை.

ஏப்ரல் 14 பில் வந்தது. இலங்கைக் கோல்களோடு 243.90. பக்கேஜ் பழைய கொம்பனியோடு போய்விட்டதால் பெரியம்மாவோடு கதைத்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பவுணுக்கு மேல் போட்டிருக்கிறான். பெரியம்மாவின் முழங்கால் வலி, பக்கத்து வளவுப் பலாமரம் எல்லாம் நிமிடம் ஒரு பவுண். அதே கிழமை பழைய கொம்பனியிடமிருந்தும் கடிதம் வந்தது, ஒப்பந்தம் முடிய முதல் விலகியதற்குத் தண்டம் 142.50. ஆக மொத்தம் 386.40. இரண்டையும் டைரக்ட் டெபிட்டில் அம்மாவின் பென்ஷன் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

காசை விடுங்கள். அம்மாவின் கழுத்தில் கவுன்சில் கொடுத்த அவசர பட்டன் ஒன்று தொங்குகிறது. விழுந்தால் அமத்த வேண்டும், ஹோலில் இருக்கிற பெட்டி ஃபோன் லைன் வழியாகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அடிக்கும். அந்தப் பெட்டி பழைய சுவர் சொக்கெட்டிலேயே கிடந்தது. சொக்கெட்டில் உயிர் இல்லை. பில்லைப் பார்த்துவிட்டு ஓடிப் போனபோதுதான் கண்டேன், பெட்டிக்கு மேல் ஒரு துவாய் போர்த்திக் கிடந்தது. தூக்கினால் சிவப்பு லைட் மின்னுகிறது. "அது இடைக்கிடை கீச்சுக் கீச்செண்டு கத்துது தம்பி, அதுதான் துவாயைப் போட்டனான்" என்றார். மூன்று கிழமைக்கு மேல் அந்த பட்டனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. இப்படியான பட்டன் வைத்திருப்பவர்களை அது வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்தாமல் மாற்ற மாட்டோம் என்று பெரிய ஃபோன் கொம்பனிகள் 2023 டிசம்பரில் அரசாங்கத்துக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கின்றன. கோல் எடுத்தவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான், கழுத்தில் பட்டன் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

சரி, பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

புதிய கொம்பனிக்கு எடுத்தேன். 47 நிமிடம் பாட்டு. எடுத்த பெண் "வாடிக்கையாளர் சம்மதித்திருக்கிறார், சிஸ்டத்தில் இருக்கிறது" என்றாள். எனக்குச் சிஸ்டம் வேண்டாம், ஒலிப்பதிவைப் போடு என்றேன். மேலதிகாரி 48 மணித்தியாலத்துக்குள் எடுப்பார் என்றாள். எடுக்கவில்லை. திரும்ப எடுத்தால் புது ஆள், புது இலக்கம், கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். ரத்துச் செய்வதற்கு 14 நாள் இருந்ததே, ஏன் செய்யவில்லை என்று ஒருவன் கேட்டான். வாங்கியதே தெரியாதவர் எதை ரத்துச் செய்வது?

பழைய கொம்பனி இன்னும் மோசம். "கணக்கின் உரிமையாளரோடு மட்டும்தான் கதைக்கலாம்." உரிமையாளர் செத்து நாலு வருடம் என்றேன். "தரவுப் பாதுகாப்புச் சட்டம்" என்றான். அப்படியானால் உரிமையாளர் இல்லாமல் லைனை எப்படி மாற்ற விட்டீர்கள் என்றேன். "அது புதிய கொம்பனியிடம் கேட்க வேண்டியது" என்றான். புதியவனிடம் போனால் தண்டம் பழையவனிடம் கேட்க வேண்டியதாம். லைனைக் கொண்டு போக அம்மாவின் குரல் போதும். கொண்டு போனதைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும் அப்பா எழும்பி வர வேண்டும்.

மரணச் சான்றிதழைக் கேட்டார்கள், அனுப்பினேன். பத்து நாளின் பின் அப்பாவின் பெயருக்கே கடிதம் வந்தது. எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றியாம்.

ஐந்தாவது தரம் எடுத்துச் சண்டை பிடித்த பிறகு புதிய கொம்பனி ஒலிப்பதிவில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டியது. முழுவதும் இல்லை, கடைசி ஒரு நிமிடமும் ஏதோ. கணக்கு விவரங்களை உறுதிப்படுத்துகிறீர்களா, உங்கள் சேவையை எங்களுக்கு மாற்றச் சம்மதமா, நிபந்தனைகள் விளங்கினவா என்று படு வேகமாக வாசிக்கிறான். அதுவரை ஆறுதலாகக் கதைத்தவனுக்கு அந்த இடத்தில் மட்டும் எங்கிருந்தோ அவசரம். ஒவ்வொன்றுக்கும் அம்மா "யெஸ், யெஸ், தாங்க்யூ" என்கிறார். பின்னால் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்கிறது.

அந்த யெஸ் எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து குடிவரவு அலுவலகத்தில், டொக்டரிடம், மருந்துக் கடையில், என் பள்ளிக்கூட ரீச்சரிடம் அம்மா சொல்லி வந்த யெஸ். யாராவது ஆங்கிலத்தில் நீளமாகக் கதைத்தால் முடிவில் மரியாதைக்குச் சொல்கிற யெஸ். 'நீங்கள் கதைத்ததைக் கேட்டேன்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதற்கு விலை 386.40 பவுண்.

கடைசியாக வந்தது ஒரு சலுகை. நல்லெண்ணத்தின் அடையாளமாக 15 பவுண் தருகிறார்களாம், முறைப்பாட்டை முடித்துக்கொள்ளலாமாம். 386.40க்கு 15! வேண்டாம் என்றேன், வாயில் வந்ததையும் சொன்னேன். அதையும் ஒலிப்பதிவு செய்திருப்பார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை நடுங்குகிறது, கெதியாகச் சொல்லிவிடுகிறேன். சம்மதம் இல்லாமல் லைனை மாற்றுவதற்கு இங்கே ஸ்லாமிங் என்று பெயர், ஃபோன் கொம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்கொம் அமைப்பின் விதிகளின்படி அது தடை. அந்தச் சொல்லைப் பாவித்து எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். ஒஃப்கொம் தனி ஆட்களின் வழக்கை எடுத்துத் தீர்ப்பதில்லை. முறைப்பாட்டைத் தீர்க்கக் கொம்பனிக்கு விதித்திருக்கிற காலம் (2025இல் எட்டுக் கிழமை) முடிந்தாலோ, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கொம்பனி கடிதம் தந்தாலோ, அந்தக் கொம்பனி சேர்ந்திருக்கிற இலவச இணக்க சபைக்குப் போகலாம். எனக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. டைரக்ட் டெபிட்டில் பிழையாக எடுத்தால் வங்கியிடம் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. இன்று காலை 243.90ஐக் கேட்டிருக்கிறேன். வங்கி திருப்பித் தந்தால் அதைக் கடனாக எழுதி வசூல்காரரிடம் கொடுப்போம் என்று புதிய கொம்பனி இப்போதே சொல்லிவிட்டது, அதையும் தெரிந்து வைத்திருங்கள்.

போனவர்களின் பெயரில் இருக்கிற பில்களை இன்றைக்கே மாற்றுங்கள். அவர்களின் இமெயிலைத் திறந்து பாருங்கள். வீட்டில் புதுப் பெட்டி கிடந்தால் பெயரை வாசியுங்கள். அவசர பட்டனை மாதம் ஒரு தரம் அமத்திப் பாருங்கள். ஃபோனில் யாராவது பில்லை எடுத்து வரச் சொன்னால் வைத்துவிடச் சொல்லுங்கள், எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும். இன்னும் இருக்கிறது, ஆறுதலாகப் பிறகு எழுதுகிறேன்.

பட்டன் பெட்டியைக் கவுன்சில் ஆள் வந்து மாற்றிவிட்டுப் போய்விட்டான், வேலை செய்கிறது. இலங்கைப் பக்கேஜும் திரும்பப் போட்டாயிற்று, அம்மாவுக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன். இன்று காலையும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார். ஃபோனை எடுக்கவில்லை. "நாளைக்குக் கதைப்பம், அக்கா நித்திரையா இருப்பா" என்றார். கொடிகாமத்தில் அப்போது பின்னேரம்.