மதிய மீல்ஸ்: சென்னையில் எந்த இலை முன்னால் உட்காரலாம்?

சென்னையில் ‘மீல்ஸ் ரெடி’ போர்டு தொங்காத தெரு குறைவு. ஆனால் எல்லாப் போர்டுக்குப் பின்னாலும் ஒரே சாப்பாடு இருக்காது. சைவ ஓட்டல், திருவல்லிக்கேணி பாணி மெஸ், ஆந்திரா மெஸ், செட்டிநாடு என்றோ கொங்கு என்றோ பெயர் போட்ட அசைவக் கடை என்று நாலு வகை. இதில் எது கொடுத்த காசுக்குத் தகும் என்று எங்கள் ஆபீஸில் அடிக்கடி சண்டை வரும். எனக்குச் சமையல் நுணுக்கமெல்லாம் தெரியாது, சாப்பிட மட்டும் தெரியும். ஆனால் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். முதல் சோற்றை வைத்து எந்தக் கடையையும் எடை போடுவதில்லை. பசி நேரத்தில் எந்தச் சாம்பாரும் ருசிக்கும். இரண்டாவது தடவை சோறு கேட்கிறோமே, அப்போது என்ன வருகிறது, எந்த முகத்தோடு வருகிறது, அதில் எதை ஊற்றிக்கொள்ளத் தோன்றுகிறது என்பதில்தான் கடையின் லட்சணம் தெரியும்.

முதலில் சைவ ஓட்டல். 1981-இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் வளர்ந்த விதத்தைப் பார்த்து, நடுத்தர சைவ ஓட்டல் என்றால் இப்படித்தான் என்று ஒரு அச்சு ஊருக்கே பழகிவிட்டது. ஏசி ஹால், சீருடை சப்ளையர், எவர்சில்வர் தட்டில் வட்டமாக அடுக்கிய கிண்ணங்கள். சப்பாத்தி அல்லது பூரி, குருமா, பொரியல், கூட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அப்பளம், பாயசம். பெயர்ப் பலகை மாறினாலும் தட்டு பெரிதாக மாறுவதில்லை. வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், குழந்தை காரம் சாப்பிடாது, கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இங்கேதான்.

என் குறையெல்லாம் அந்தக் கிண்ணங்கள் மேல். நாம் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஊற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். சப்பாத்தியைப் பிய்த்து, சாம்பாரைத் தாண்டி ரசத்துக்கு வருவதற்குள் அது ஆறிப்போய், அடியில் பருப்புத் தங்கி, மேலே வெறும் புளித்தண்ணீராக நிற்கும். “அண்ணே, ரசம் மட்டும் சூடா கொஞ்சம்” என்று கேட்டால் பெரும்பாலும் கொண்டுவந்து தருகிறார்கள். கேட்காதவர்களுக்கு ஆறின ரசம்தான். சப்பாத்தி விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பசியின் முதல் வேகத்தை மைதாவிலும் கோதுமையிலும் அடக்கிவிட்டால் சோறு எவ்வளவு இறங்கும்? முதலாளிக்கு அது லாபம்தான்.

அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதை உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு பிரபலமான இடத்தில், பெயர் வேண்டாம், இரண்டாவது சோறு கேட்டபோது சப்ளையர் பையன் குனிந்து, “எக்ஸ்ட்ரா ரைஸ் தனி பில் சார்” என்றான். அவன் மேல் தப்பில்லை, மெனு கார்டில் பொடி எழுத்தில் இருந்தது. ஆனால் சோற்றைக் காசு கொடுத்து இன்னொரு முறை வாங்கிச் சாப்பிடும்போது ரசம் இனிப்பதில்லை.

அடுத்தது மெஸ். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடியவர்களும் வேலை பார்த்தவர்களும் வளர்த்த சாப்பாடு இது. காசி விநாயகா மெஸ் மாதிரி இடங்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் வாழை இலை, வாளி, கரண்டி. பொரியல் என்ன என்று கேட்க வேண்டியதில்லை, கோஸ் அல்லது பீட்ரூட்டாகத்தான் இருக்கும். கூட்டு சுமார். சாம்பார் தண்ணியாகத்தான் ஓடும். ஆனால் ரசம்! பந்திக்குப் பந்தி வாளி காலியாகிக்கொண்டே இருப்பதால் ரசம் எப்போதும் கொதிக்கக் கொதிக்க வருகிறது. இலையில் சோற்றைக் கரைகட்டி ஊற்றினால் ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு ஓடும், அதைக் கையால் மடக்கிப் பிடித்துச் சாப்பிடும் அவசரம் இருக்கிறதே, கிண்ணத்தில் அது கிடைக்காது. இரண்டாவது சோற்றுக்குக் கை நீட்ட வேண்டாம். இலையில் பச்சை தெரிந்தாலே அவர்களாகவே போடுவார்கள். சைவ ஓட்டல் விலையில் பாதி, கொஞ்சம் போனால் முக்கால்.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த டோக்கன்காரர் நின்றுகொண்டு, நாம் மோருக்கு வந்துவிட்டோமா என்று எட்டிப் பார்ப்பார். பேச முடியாது, வேர்க்கும். மோர் என்ற பெயரில் வருவது வெள்ளை நிறத் தண்ணீர், தயிர் வேண்டுமென்றால் தனிக் காசு. பெண்டாட்டியோடு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஏதாவது பேச வேண்டுமென்றால் இந்த இடம் சரிப்படாது. தனியாளுக்கு இதை மிஞ்சியது கிடையாது.

இனி ஆந்திரா. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து கர்நூல் தலைநகரமானது, மதராஸ் நம் பக்கம் நின்றது. தெலுங்குக் குடும்பங்களும் வியாபாரமும் இங்கேயே தொடர்ந்தன. தெலுங்கு சினிமாவும் ஐதராபாத்துக்குப் போகும்வரை கோடம்பாக்கத்தில்தான் இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஆந்திரா மெஸ் என்பதை சென்னைக்காரர் யாரும் வெளியூர்ச் சாப்பாடாக நினைப்பதில்லை.

இங்கே விஷயமே மேஜை மேல் வைத்திருக்கும் அந்தக் கைப்பிடி போட்ட எவர்சில்வர் தூக்குதான். ஒரு கிண்ணத்தில் பருப்புப் பொடி, ஒன்றில் கோங்குரா, அதாவது புளிச்சகீரைத் தொக்கு, ஒன்றில் ஆவக்காய், மற்றதில் அன்றைக்கு அரைத்த துவையல். சோறு விழுந்ததும் குழி பறிக்காதீர்கள், பரப்பிவிடுங்கள். மேலே இரண்டு ஸ்பூன் பொடியைத் தூவிவிட்டு நெய்க்காரருக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் வந்து சின்னக் கரண்டியைச் சாய்த்ததும், வெளிறிக் கிடந்த பொடி நெய் பட்ட இடமெல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறும். பிசைந்து வாயில் போட்டால் முதலில் வறுத்த துவரம்பருப்பின் வாசம், அடுத்துப் பூண்டு. காரம் விழுங்கின பிறகுதான் வரும், அதுவும் தொண்டையில். குண்டூர் சன்னம் மிளகாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது எதற்கென்று அந்த நேரத்தில் புரியும்.

சோற்று ரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆந்திராக் கடைகளில் பெரும்பாலும் சன்னப் பச்சரிசி, நம் ஓட்டல்களில் பொன்னிப் புழுங்கல். பொடியும் நெய்யும் பச்சரிசியில் ஒட்டிப் பிடிக்கும். அதே பொடியைப் புழுங்கல் சோற்றில் பிசைந்து பாருங்கள், சோறு வேறு பொடி வேறாக உதிரும். ரசத்துக்கு இது தலைகீழ். பச்சரிசி ரசத்தில் குழைந்து கஞ்சியாகிவிடும், புழுங்கல்தான் நிற்கும்.

அதனால் ஆந்திராவில் என் இரண்டாவது சோறும் பொடிக்குத்தான் போகிறது. மூன்றாவது பருப்புக்கும் ஆவக்காய்க்கும். சாம்பார் வரும்போது வயிறு நிரம்பியிருக்கும், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தச் சாம்பாரும் ரசமும் கடமைக்கு வைத்தவை. கடைசியில் கெட்டித் தயிர் வந்து எல்லாவற்றையும் சமாதானம் பண்ணிவிடும். நெய்யில் மட்டும் கடைக்குக் கடை மனசு மாறும். சில இடங்களில் நெய்க்காரர் ஒரு முறை வருவதோடு சரி, அப்புறம் கூப்பிட்டாலும் காது கேட்காது. மதியம் இரண்டு மணிக்கு மேல் முக்கியமான மீட்டிங் இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம், கண் சொருகும்.

அசைவக் கடைக்கு வருவோம். இதில் சென்னைக்குப் பழைய பேர்கள் ராயப்பேட்டையைச் சேர்ந்தவை: பொன்னுசாமி 1954, அஞ்சப்பர் 1964. பிறகு கொங்குப் பக்கத்திலிருந்து, 1960-இல் ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா போன்றவை வந்தன. மீல்ஸ் என்று பார்த்தால் விலை பயமுறுத்தாது. சோறு, சாம்பார், ரசம் இவற்றோடு கோழிக் குழம்பு, மட்டன் குழம்பு, மீன் குழம்பு என்று பீஸ் இல்லாத குழம்புகள் கேட்கக் கேட்க வரும். வலை விரிப்பது அந்தத் தட்டுக்காரர்தான். ஒரு பெரிய ட்ரேயில் சின்னச் சின்னத் தட்டுகளாக அடுக்கிக்கொண்டு முகத்துக்கு நேரே நீட்டுவார். சுக்கா, ஈரல், மூளை, எறா, வஞ்சிரம், கோலா உருண்டை. “வேணாம்” என்று சொல்ல முனிவராக இருக்க வேண்டும். இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டால் மீல்ஸின் விலை பில்லில் ஒரு ஓரத்துக்குப் போய்விடும். மேலே ஐந்து சதவீத ஜிஎஸ்டி. ‘அன்றைய விலை’ என்று போட்டிருக்கும் மீனை, எடுக்கும் முன்பே எவ்வளவு என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

செட்டிநாட்டுக்கும் கொங்குக்கும் நடுவில் என் ஓட்டு கொங்குக்கு. செட்டிநாடு என்று போர்டு போட்ட பல கடைகளில் மூன்று குழம்பும் ஒரே மசாலாவில் பிறந்த அண்ணன் தம்பிகள். கல்பாசி, மராட்டி மொக்கு வாசமெல்லாம் தேடினாலும் கிடைக்காது, எண்ணெய்தான் மிதக்கும். நல்ல செட்டிநாட்டுச் சமையல் இப்படி இருக்காது என்று காரைக்குடிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கொங்குக் கடையில் மசாலா அடங்கி நிற்கிறது. பள்ளிபாளையம் சிக்கனில் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் சின்ன வெங்காயமும் தனித்தனியாக நாக்கில் படும். இரண்டாவது சோற்றுக்கு அந்தத் தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயை வழித்துப் பிசைந்துகொள்வேன், குழம்பே தேவைப்படாது.

இந்த வகைக் கடைக்குக் காலண்டர் பார்த்துப் போக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளில் நாட்டுப்படகு மீனும் மேற்குக் கரையிலிருந்து வரும் மீனும்தான், வஞ்சிரம் விலை ஏறிவிடும். அப்போது கோழியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். புரட்டாசியில் கடை காற்று வாங்கும், கவனிப்பு ராஜ உபசாரம். ஆனால் வியாபாரம் மந்தமான நாளில் குடல், தலைக்கறி எடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஞாயிறு பகல் ஒரு மணிக்கு இடம் கிடைக்காத கடையில் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேரளக் கடைகளையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். குடம்புளி போட்ட மீன் குழம்புக்காகப் போகலாம். மட்ட அரிசி ஒரு சுற்றிலேயே வயிற்றை அடைத்துவிடுவதால் என் அளவுகோல் அங்கே செல்லாது.

பார்சல் என்று வந்தால் வரிசையே மாறிவிடும். மெஸ் ரசம் பொட்டலத்தில் கட்டினதும் செத்துவிடும். சைவ ஓட்டல் பார்சலில் டப்பாக்கள்தான் நிறைய, சோறு கொஞ்சம். அசைவ மீல்ஸில் மூன்று குழம்பும் வீடு வருவதற்குள் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும். ஆந்திரா பார்சல்தான் தாங்கும். பொடிக்கும் ஊறுகாய்க்கும் பயணம் ஒன்றும் செய்யாது, கட்டித் தருகிற சோறும் இரண்டு பேருக்குக் காணும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகச் சோம்பலாக இருந்தால் ஒரு ஆந்திரா மீல்ஸ், கொங்குக் கடையிலிருந்து ஒரு பள்ளிபாளையம் சிக்கன். நெய்யை நாங்களே இஷ்டத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். ரசம் மட்டும் வீட்டில் வைத்துவிடுகிறோம்.