முறுக்குவதா, கோர்ப்பதா? மகளின் லாக்ஸ் முடிக்கு எது சரி

என் மகளுக்கு 11 வயது. தலையில் லாக்ஸ், அதாவது திரி திரியாக இறுகிய முடி, 86 திரிகள். கணவரின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வீடு டொரோண்டோவின் ஸ்கார்பரோவில். முடியைப் பொறுத்தவரை அவள் முழுக்க அப்பா பக்கம். நனைந்தால் தோளைத் தொடும் முடி, காய்ந்ததும் சுருண்டு சுருண்டு காது மடலுக்கு மேலே ஏறிவிடும். எட்டு வயது வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தலை இழுத்து முடிப்பதற்குள் அவளும் அழுவாள், நானும் அழுவேன். அதற்குப் பிறகுதான் லாக்ஸ் வைத்தோம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். இது கவனிக்காமல் விட்டதால் சடை விழுந்த தலை இல்லை. முடியை வகிடு பிரித்து, பகுதி பகுதியாகத் திரித்து, தனக்குள் தானே பின்னிக்கொள்ள விடுவதுதான் லாக்ஸ். பத்து நாளுக்கு ஒருமுறை ஷாம்பு போட்டு முழுகுகிறோம். சுத்தமான முடிதான் சீக்கிரம் இறுகும், எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி வழுக்கிக்கொண்டு போகும். ‘ட்ரெட்லாக்ஸ்’ என்ற பெயரில் உள்ள ‘ட்ரெட்’ என்றால் அச்சம். அந்தச் சொல்லைப் பெருமையாக வைத்திருப்பவர்களும் உண்டு, அதை வேண்டாம் என்று லாக்ஸ் என்று மட்டும் சொல்பவர்களும் உண்டு. நான் இங்கே ஒவ்வொன்றையும் திரி என்றே சொல்கிறேன். விளக்குத் திரி போலத்தான் இருக்கும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. திரி கீழே இறுகியிருக்கும், ஆனால் தோலை ஒட்டி வந்த புது முடி தளர்வாக நிற்கும். அப்படியே விட்டால் பக்கத்துத் திரியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் புது முடியை எப்படித் திரிக்குள் கொண்டுவருவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒன்று ஜெல் தொட்டு முறுக்குவது, ரீட்விஸ்ட் என்பார்கள். மற்றொன்று கொக்கியால் கோர்ப்பது, இன்டர்லாக்கிங். மூன்று வருடத்தில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம்.

முறுக்குவதை எனக்குக் கற்றுத்தந்தது மாமி, கணவரின் அம்மா. முழுகி, பாதி ஈரம் காய்ந்திருக்கும்போது மகள் மாமியின் முழங்கால்களுக்கு நடுவே மெத்தையில் உட்காருவாள். மாமி வால் சீப்பின் நுனியால் வகிட்டைச் சரிபார்ப்பார். கற்றாழை ஜெல்லில் நடுவிரல் நுனியை மட்டும் தொடுவார், பட்டாணி அளவுகூட இருக்காது. அதைத் திரியின் அடியில் தடவி, இரண்டு விரலால் பிடித்து, கடிகார முள் போகும் பக்கமாக முறுக்குவார். பிறகு திரியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, நாங்கள் விளக்குக்குத் திரி உருட்டுவதுபோல உருட்டி, அடியில் ஒரு கிளிப் போடுவார். அவ்வளவுதான். 86 திரிக்கும் இரண்டரை மணி நேரம். பிறகு தலையை மூடிக் காய வைக்கும் ஹூட் டிரையருக்குள் ஒரு மணி நேரம். கிளிப்புகளை எடுக்கும்போது வகிடுகள் எல்லாம் பளிச்சென்று தெரியும். அந்த முதல் நாள் அழகுக்கு ஈடே இல்லை.

இதில் மாமி வலியுறுத்திய ஒரே சட்டம், திசை. இந்தத் தடவை நான் வலப்பக்கமும் அடுத்த தடவை வேறொருவர் இடப்பக்கமும் முறுக்கினால், கயிற்றைப் பிரித்த மாதிரி அடி தளர்ந்துவிடும்.

ஆனால் முறுக்கிய முடியைப் பிடித்து வைத்திருப்பது எது? காய்ந்த ஜெல்லின் மெல்லிய படலமும் முடியின் சொந்தச் சுருளும்தான். தண்ணீர் பட்டதும் ஜெல் கரையும், சுருள் தன் இஷ்டத்துக்கு எழும்பும். மகள் செவ்வாயும் வியாழனும் நீச்சலுக்குப் போகிறாள். ஞாயிறு முறுக்கினால் வியாழன் இரவு அடியெல்லாம் பஞ்சாகிவிடும். அப்போது எந்தத் தாய்க்கும் கை பரபரக்கும், இன்னொரு தடவை முறுக்கிவிடலாமே என்று. அங்கேதான் ஆபத்து. முறுக்குவது நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இழுத்து முறுக்கினால் அடி மெலியும். நெற்றியோரமும் காதோரமும் முதலில் போகும். ஓயாத இழுப்பினால் வரும் இந்த முடி உதிர்வைத் தொடக்கத்திலேயே நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகிவிடும், பிறகு வராது.

அதனால்தான் கோர்ப்பதற்குப் போனோம். வளைந்த ஊசி போன்ற ஒரு கொக்கி. திரியின் நுனியை அதில் மாட்டி, தோலை ஒட்டிய தளர்ந்த முடிக்கு நடுவே நுழைத்து, மறுபக்கம் இழுத்து எடுக்க வேண்டும். திரியே தன் அடி வழியாகப் போய் வந்து ஒரு முடிச்சாகிவிடுகிறது. ஜெல் தேவையில்லை. தண்ணீர் பட்டாலும் அவிழாது. ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும்.

கோர்ப்பதன் உயிர்நாடி, எந்தப் பக்கத்திலிருந்து நுழைக்கிறோம் என்பது. ஒவ்வொரு திரியின் அடியையும் ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் 12-இலிருந்து 6-க்கு, அடுத்தது 3-இலிருந்து 9-க்கு, பிறகு 6-இலிருந்து 12-க்கு, கடைசியாக 9-இலிருந்து 3-க்கு. புது முடி எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து இரண்டு தடவை நுழைத்ததோடு நிறுத்த வேண்டியிருக்கும். மாறி மாறி நுழைத்தால்தான் எல்லாப் பக்கத்து முடியும் உள்ளே பின்னும். ஒரே பக்கத்திலிருந்தே நுழைத்துக்கொண்டிருந்தால் அடி இரண்டாகப் பிளந்து, கவட்டை மாதிரி இரண்டு காலில் திரி நிற்கும், நடுவில் ஓட்டை. தோலுக்கும் முதல் முடிச்சுக்கும் நடுவே ஒரு அரை சென்டிமீட்டராவது தளர்வு இருக்க வேண்டும். முழுகினால் முடி சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்கு இடம் வேண்டாமா?

எங்களுக்கு முதல் தடவை செய்துவிட்ட சலூனில் அந்த இடம் வைக்கவில்லை. அன்று இரவு மகளால் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. மறுநாள் பார்த்தால் காதோரத்தில் திரிகளின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கட்டிகள், புருவம் மேலே இழுத்தபடி நின்றது. சோபாவில் உட்கார்ந்து மழுங்கிய ஊசியால் முன் வரிசைத் திரிகளின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பதினான்கு திரிகள், மூன்று மாலைகள். இரண்டு திரிகளின் அடி மெலிந்துபோனது. அவை பழையபடி தடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. வலித்தால்தான் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலிக்கிறதென்றால் கூடுதலாக இழுத்துவிட்டார்கள் என்று மட்டுமே அர்த்தம்.

ஆனாலும் கோர்ப்பதை நான் விடவில்லை. வேறொருவரிடம் போனோம், எக்ளின்டன் மேற்கில், லிட்டில் ஜமைக்கா என்று சொல்லும் பகுதியில். அவர் முதலில் கொக்கியை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு திரியின் அடியையும் விரலால் தடவிப் பார்த்து, முன்பக்கம் கோர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பின்னந்தலையும் உச்சியும் மட்டும், நான்கு மணி நேரம். அன்று மகள் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள்.

அழகுபடுத்துவதில் இரண்டும் ஒன்றில்லை. முறுக்கிய தலை படிந்திருக்கும், அன்றைக்கே இரண்டிரண்டு திரியாகச் சேர்த்து முறுக்கி உருளை உருளையாகப் பின்னுக்குக் கொண்டுபோகலாம், பூ மாதிரி கொண்டை போடலாம். கோர்த்த தலையில் அடி கொஞ்சம் எழும்பி நிற்கும், நுனியை ஒவ்வொரு தடவையும் நுழைத்து எடுப்பதால் திரியில் அங்கங்கே புடைப்பும் வரும். கோர்த்த அன்றே இழுத்துக் கொண்டை கட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. ஒரு வாரமாவது தொங்கவிட வேண்டும். பிறந்தநாள், படம் எடுக்கும் நாள் என்றால் மகள் முறுக்கத்தான் கேட்பாள். நீச்சல் போட்டி என்றால் கோர்த்திருக்க வேண்டும்.

கோர்ப்பதையே அடிப்படையாக வைத்து ஒரு முறையையும் அமெரிக்காவில் 1993-இல் தொடங்கினார்கள். சான் டியேகோவில் பேராசிரியராக இருந்த ஜோஆன் கார்ன்வெல் உருவாக்கிய சிஸ்டர்லாக்ஸ். நூல் போல மெல்லிய திரிகள், நானூறுக்கும் மேல் வரும். ஜெல், மெழுகு எதுவும் கிடையாது. பார்க்க அவிழ்த்துவிட்ட முடி மாதிரியே அசையும். எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் 11 வயதுப் பிள்ளையை அத்தனை மணி நேரம் உட்கார வைக்க மனம் வரவில்லை.

குரோஷா ஊசியைப் பற்றியும் கேட்பீர்கள். அரை மில்லிமீட்டர் கொக்கியால் முடியைக் குத்தி உள்ளே இழுத்து, ஒரே நாளில் இறுகிய திரி செய்வது. நேரான முடிக்காரர்களுக்கு அது உதவலாம். தானாகவே பின்னிக்கொள்ளும் முடிக்கு அதை அடிக்கடி செய்யத் தேவையில்லை, ஊசி ஒவ்வொரு தடவையும் சில முடிகளை அறுக்கிறது. ஓட்டை விழுந்த திரியைச் சீர்செய்ய மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. முறுக்கவும் வேண்டாம், கோர்க்கவும் வேண்டாம். முழுகி, திரிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலால் பிரித்துவிட்டால் போதும். ஃப்ரீஃபார்ம் என்பது இதுதான். தோலுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை, இழுப்பே கிடையாது. மாமியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. அவர் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், அவர் வளர்ந்த காலத்தில் ஜமைக்காவில் திரி வைத்தவர்கள் என்றால் ராஸ்தாஃபாரி மதத்தவர்கள். 1963-இல் மொன்டேகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலுக்குப் பிறகு போலீஸ் ராஸ்தாக்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து அடைத்தது. பலருடைய திரிகளை வெட்டியெறிந்தார்கள். பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2017-இல்தான். பேத்தியின் தலை கலைந்திருந்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள், செய்வார்கள் என்ற பயம் மாமியின் விரல்களில் இருக்கிறது. வகிட்டை அவ்வளவு நேராக அவர் எடுப்பது அதனால்தான். அமெரிக்காவிலும் 2016-இல்கூட, திரிகளை வெட்டாவிட்டால் வேலை இல்லை என்ற அலபாமா நிறுவனத்தின் பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. இப்படி முடியை வைத்து ஒதுக்குவதைத் தடுக்கும் கிரௌன் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது 2019-இல். இதெல்லாம் தெரிந்த பிறகு, ‘நேர்த்தியாக இருக்கிறதா’ என்ற கேள்வியை நான் மகளின் தலையைப் பார்த்துக் கேட்பதில்லை. ‘தோல் வலிக்கிறதா, அடி தடித்திருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கிறேன்.

எந்த வழிக்குப் போனாலும் பொதுவான சில காரியங்கள் உண்டு. அம்மா ஊரிலிருந்து சீயக்காய்த் தூள் அனுப்பியிருந்தார். திரிக்குள் போன தூள் வெளியே வரவே வராது, தயவுசெய்து போடாதீர்கள். தேன்மெழுகும் அப்படித்தான், உள்ளே தங்கி அழுக்கைப் பிடித்து வைக்கும். எண்ணெய் தோலுக்கு மட்டும், சில துளி. எங்கள் வீட்டில் ஜமைக்கா கறுப்பு ஆமணக்கெண்ணெய் இருக்கிறது. விதையை வறுத்து இடித்துக் காய்ச்சுவதால் அந்த நிறமும் புகை மணமும் வருகிறது. அம்மா கனடா வந்திருந்தபோது போத்தலைத் திறந்து முகர்ந்துவிட்டு, “இது எங்கட விளக்கெண்ணெய் எல்லோ பிள்ளை!” என்றார். ஊரில் ஆச்சி வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த எண்ணெயின் அதே மணம். அம்மா, மாமி இரண்டு கிழவிகளுக்கும் அன்று ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது, நான் நடுவில் மொழிபெயர்த்தேன்.

இரவில் சாட்டின் தொப்பி கட்டாயம், பருத்தித் தலையணையின் பஞ்சு திரிக்குள் புகுந்தால் எடுக்க முடியாது. முழுகிய பிறகு பழைய டீ-ஷர்ட்டால் ஒவ்வொரு திரியாகப் பிழிந்து, உள்வரை காய வைக்க வேண்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து, ஊறின துணி வாடை வரும். டொரோண்டோ பனிக்காலத்தில் நாங்கள் காலையில்தான் முழுகுவோம், இரவில் ஒருபோதும் இல்லை.

நீச்சலுக்கு முன் நல்ல தண்ணீரில் திரிகளை நனைத்துவிட்டால் குளோரின் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. தொப்பியும் பெரிதாக வேண்டும். இப்படிப்பட்ட முடிக்கென்றே செய்த சோல் கேப் என்ற தொப்பியை உலக நீச்சல் அமைப்பு 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் மறுத்து, 2022-இல் ஏற்றுக்கொண்டது. மகள் அந்தச் செய்தியை அச்சடித்துத் தன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான். பின்னந்தலையும் உச்சியும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கோர்ப்பது. நெற்றியோரமும் காதோரமும் கோர்ப்பதே இல்லை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக முறுக்குவது, நடுவில் பஞ்சானால் பஞ்சாகவே இருக்கட்டும். நீச்சல் இல்லாத, வியர்வை அதிகம் வராத பிள்ளை என்றால் முறுக்குவது மட்டுமே போதும் என்பேன். மிக மென்மையான முடி, முறுக்கினால் நிற்கவே இல்லை என்றால் கோர்ப்பது, ஆனால் அடியை விரலால் தடவிப் பார்த்த பிறகே கொக்கியை எடுக்கும் ஆளிடம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் எதுவும் செய்வதில்லை, முழுகிப் பிரித்துவிடுவதோடு சரி.

முன் வரிசைப் பதினான்கு திரிகளையும் மாமிதான் முறுக்குகிறார். அரை மணி நேர வேலை, அவர் ஒரு மணி நேரம் எடுப்பார். மெலிந்துபோன அந்த இரண்டு திரிகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அவற்றுக்கு ஜெல் தொடாமல், விரலைத் தண்ணீரில் மட்டும் நனைத்து முறுக்குவார்.