எங்க அபார்ட்மென்ட் எஸ்டிபிய பாத்துக்கற சர்வீஸ், ஒரு வருஷத்துக்கு அப்புறம்

சென்னைல சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கோம். எஸ்டிபி, அதாவது வீடுகள்லேந்து வர்ற கழிவுநீர சுத்தம் பண்ற ப்ளான்ட், கட்டும்போதே வச்சதுதான், ஆனா அத ஓட்டற கான்ட்ராக்ட்ட போன வருஷம் வேற ஆளுங்களுக்கு மாத்துன அப்புறம்தான் அதுலேந்து சுத்தமாகி வர்ற தண்ணிய ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் நம்பி விட முடியுது.

பழைய ஆளுங்க கரண்ட் பில்ல குறைச்சுக் காட்டறதுக்காக ராத்திரி ப்ளோவர (டேங்குக்குள்ள காத்து அடிக்கற மெஷின்) ஆஃப் பண்ணிட்டு போயிடுவாங்க, காத்து இல்லாம ஏரேஷன் டேங்க்ல கழிவத் தின்னு சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியா செத்துடும், காலைல ஃப்ளஷ் அமுக்குனா வீடு பூரா அழுகுன முட்டை நாத்தம். கடைசில ஃப்ளஷ் லைனையே மூடிட்டு லாரித் தண்ணிய கக்கூஸ்ல ஊத்துனோம். 2019 கோடை தண்ணிப் பஞ்சத்துல குடத்தோட வரிசைல நின்னவங்க நாம, வயிறு எரிஞ்சுது.

இப்ப இருக்கற ஆபரேட்டர் தம்பி தினமும் காலைல ஏரேஷன் டேங்க்லேந்து ஒரு லிட்டர் மொண்டு கண்ணாடி ஜாடில ஊத்தி 30 நிமிஷம் அசையாம வைக்கறார். சாக்லேட் கலர் சேறு மெதுவா அடில எறங்கும், மேல தெளிஞ்சு நிக்கும், எவ்ளோ படிஞ்சுதுன்னு நோட்ல எழுதிடுவார். ப்ளான்ட்ல தெளிஞ்ச தண்ணி அதுக்கப்புறம் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், குளோரின்னு போகுது. ஃப்ளஷ் தண்ணில இப்ப நாத்தமே இல்ல, நிஜமாவே பெரிய நிம்மதி.

தோட்டத்துக்கும் இதே தண்ணிதான். முதல்ல என் செம்பருத்தி இலை ஓரமெல்லாம் கருகிப் போச்சு. போர்த் தண்ணில இருக்கற உப்பு எஸ்டிபில போகாது, அதுக்கு ஆர்ஓ வேணும், அதனால நடுவுல நடுவுல நல்ல தண்ணி விடுங்கம்மான்னு அந்தத் தம்பிதான் சொன்னார், இப்ப துளிர் விட்டிருக்கு. கீரை, கொத்தமல்லிக்கு மட்டும் நான் இத விடறதில்ல. கோயம்பேடு, கொடுங்கையூர்ல குடிநீர் வாரியம் 2019ல ஆரம்பிச்ச ப்ளான்ட்ல ஆர்ஓ வரைக்கும் பண்றாங்க, ஒவ்வொண்ணும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கெபாசிட்டி, ஸ்ரீபெரும்புதூர், மணலி பக்கம் ஃபேக்டரிகளுக்குப் போகுது. அந்த அளவுக்கு நல்ல தண்ணி ஊருக்கு மிச்சம்தானே.

குறைன்னா, ஞாயித்துக்கிழமை ஃபோன் எடுக்கறதில்ல. ஒரு தடவ பம்ப் நின்னு திங்கக்கிழமை மத்தியானம்தான் ஆள் வந்தாங்க. நாப்கின், சமையல் எண்ணெய்லாம் உள்ள விடறது நம்ம ஆளுங்க தப்பு, அதுக்கு அவங்கள சொல்லக் கூடாது.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். நீங்க யார போட்டாலும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவங்க ஓட்டற வேற அபார்ட்மென்ட்டுக்கு ராத்திரி 11 மணிக்கு ஒருதடவ போய் நில்லுங்க. ப்ளோவர் சத்தம் கேக்கணும்.